ஊர் நிலம்: குத்தகையா, ஆள் போட்டுப் பயிரா, மரமா, விற்பனையா?

அப்பா காலத்து நிலம் ஊரில் கிடக்கிறது, நாம் ஈசூனிலோ ஜூரோங்கிலோ வீவக வீட்டில் இருக்கிறோம், இந்த நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு சிங்கப்பூரில் பல தமிழ்க் குடும்பங்களில் தீபாவளிக்குத் தீபாவளி கிளம்பி அப்படியே அடங்கிவிடும். பேச ஆரம்பித்ததும் யாராவது ஒருவர் "ஏக்கருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பார். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த வயல் வரைக்கும் அரசாங்கம் வந்து சேர்கிறதா என்பதைத்தான். வாய்க்கால் தண்ணீர் வருகிறதா, நெல் போட கொள்முதல் நிலையம் பக்கத்தில் இருக்கிறதா, கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைக்குமா, மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டா, அப்புறம் முக்கியமாக இதெல்லாம் யார் பெயருக்கு வரும். தமிழ்நாட்டு விவசாயத்தில் பொதுத்துறையின் கை படாத இடம் ரொம்பக் குறைவு. அந்தக் கை எட்டுகிற நிலத்துக்கு ஒரு முடிவு சரியாக இருக்கும், எட்டாத நிலத்துக்கு வேறு முடிவு. ஒரே குடும்பத்தின் இரண்டு துண்டு நிலத்துக்கே இரண்டு விடை வரலாம். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

எங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கம் கொஞ்சம் நஞ்சை, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் அம்மா வழியில் வந்த கொஞ்சம் புஞ்சை. முதலாவது கல்லணைக் கால்வாய்ப் பாசனம். இரண்டாவது வானம் பார்த்த பூமி, இல்லையென்றால் ஆழமாகப் போர் போட வேண்டும்.

முதலில் சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு சண்டை போடுகிறார்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கி ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவரும் சரி, இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே நிரந்தரவாசியாக இருப்பவரும் சரி, இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கிற இந்தியருக்குத்தான் விற்க வேண்டும், இங்கே பக்கத்து புளோக்கில் இருக்கிற ஊர்க்காரர் நல்ல விலை சொன்னாலும் அவருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இன்றைக்கு விற்றுவிட்டு நாளைக்கு மனசு மாறினால் திரும்ப வாங்கலாம் என்ற கதையே இல்லை.

இன்னொன்று, விவசாயிக்கு வருகிற அரசுப் பணம் நமக்கு வராது. பிஎம் கிசான் என்று 2019-ல் வந்த திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாகப் போடுகிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான், ஆனால் அவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் கிடையாது. நம் வயலில் உண்மையாக உழுகிறவருக்கோ அந்த நிலம் பெயரில் இல்லை, அதனால் அவருக்கும் கிடையாது. நம் நிலத்தின் பெரிய சிக்கல் முழுக்க இந்த ஒரு திட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது: பட்டா ஒருவரிடம், மண்வெட்டி இன்னொருவரிடம், அரசாங்கத்தின் உதவி இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து வீணாகிறது.

சும்மா போட்டு வைப்பது என்ற வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நிறையப் பேர் முடிவே எடுக்காமல் இதைத்தான் செய்கிறார்கள். இரண்டு மழைக்குள் சீமைக் கருவேலம் ஏறிவிடும், வரப்பு நகரும், பக்கத்து வயல்காரர் மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறும். பிறகு எதைச் செய்தாலும் முதல் செலவு வேர் பிடுங்குகிற ஜேசிபிக்குத்தான்.

குத்தகைதான் பெரிய விஷயம், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஊரில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று. எழுதிக் கொடுக்க உரிமையாளர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குடும்பத்தோடு உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்கிற குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. குத்தகை கொடுக்காமல் இருந்தது, நிலத்தைப் பாழாக்கியது, உரிமையாளரின் உரிமையையே மறுத்தது போன்ற காரணம் வேண்டும், வருவாய் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1956-ன் நியாயக் குத்தகைச் சட்டம் உரிமையாளர் பங்கு மொத்த விளைச்சலில் 25 சதவீதம் என்கிறது. 1969-ல் குத்தகை உரிமையைத் தாசில்தார் அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. இந்த மூன்றையும் சேர்த்து ஊரில் ஒரே வரியாகச் சொல்வார்கள்: "பேரை எழுதினா நிலம் போச்சு."

சட்டம் உழுபவரைக் காக்க வந்தது, அந்தக் காலத்துத் தஞ்சாவூர்ப் பண்ணைகளை நினைத்தால் அது வந்தே ஆக வேண்டிய சட்டம். ஆனால் அதன் விளைவாக உரிமையாளர்கள் எதையும் காகிதத்தில் போடாமல் விட்டார்கள், காகிதம் இல்லாத குத்தகைதாரர் அரசாங்கத்தின் கண்ணுக்கே தெரியாமல் போனார். சொசைட்டியில், அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. அதை வாங்க விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர், தரும் அடங்கல் வேண்டும். பயிர் இன்சூரன்ஸில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், அதற்கும் அடங்கல் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கவும் சிட்டா (நில உரிமை விவரச் சான்று), அடங்கல் கேட்பார்கள். 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனபோது, அது போய்ச் சேர்ந்தது சங்கத்தில் யார் பெயரில் கடன் இருந்ததோ அவர்களுக்குத்தான். கந்துவட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்த குத்தகைக்காரருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, சன்னரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. ஒரு ஏக்கரில் 20 குவிண்டால் விளைந்தது என்று வைத்துக்கொண்டால் சன்னரகத்தில் 50,900 ரூபாய். அதில் சட்டப்படி நம் பங்கு 25 சதவீதம், 12,725 ரூபாய். சிங்கப்பூர் வெள்ளியில் 200-க்கும் கீழே. ஒருபோக நிலத்தில் ஒரு வருடத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவுதான். இந்தப் பணத்துக்காகவா சொந்தக்காரர்களோடு முகம் சுளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பங்கை இன்னும் இரண்டு மூட்டை ஏற்றுவதால் நமக்கு ஒரு டாக்ஸிக் காசு கூடும், அவருக்கோ அது உரச் செலவு.

ஆனால் அந்த 2,545 ரூபாய் விலைக்கு அரசு நிற்கிறது என்பதுதான் டெல்டா நிலத்தின் பலம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்கிறது, பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. குறை நிறைய உண்டு: 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்றால் திருப்பி அனுப்புவார்கள், அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் சாலையோரம் குவித்த நெல் முளைவிடும், மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறுகிற காசைப் பற்றி ஊரில் புலம்பாதவர் இல்லை. அப்படி இருந்தும் விலை விழுந்தால் பிடித்துக்கொள்ள ஓர் அடித்தளம் இருக்கிறது. தக்காளி போட்டவருக்கு அது கிடையாது.

தண்ணீரும் அப்படியே. மேட்டூர் அணை 1934-லிருந்து இருக்கிறது, 93.47 டிஎம்சி கொள்ளளவு, வழக்கமாக ஜூன் 12 திறப்பு. 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், குறுவை பலருக்குக் கைவிட்டுப் போனது, 2025-ல் மீண்டும் ஜூன் 12. ஆகவே வாய்க்கால் இருக்கிறது என்பது மட்டும் போதாது, நிலம் தலைமடையா கடைமடையா என்று பார்க்க வேண்டும். கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் வரைக்கும் போகிறது. கடைசியில் இருப்பவர்கள் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிற கதையைக் கேட்டால் தெரியும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், வாய்க்கால் பாயும் நஞ்சையைக் குத்தகைக்கு விடுவதுதான் சரி, அதுவும் அடங்கலில் பயிர் செய்கிறவர் பெயரை ஏற்ற ஒப்புக்கொண்டு. "நிலம் போச்சு" பயம் முழுக்கப் பொய் இல்லை. பல வருடம் உழுதவரைச் சும்மா அனுப்ப முடியாதுதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் திரும்பிப் போய் நாத்து நடப் போகிறோம்? அந்த உரிமையை நமக்குப் பூட்டி வைத்துக்கொள்வதற்கு விலையாக உழுபவரிடமிருந்து கடன், காப்பீடு, கொள்முதல் மூன்றையும் பறிக்கிறோம். அந்த விலை அதிகம்.

அடுத்தது, ஆளைப் போட்டு நாமே பயிர் செய்வது. இதில் ஆசை நிறைய, வாட்ஸ்அப்பில் நாற்றங்கால் படம் வரும், பாரம்பரிய நெல், இயற்கை விவசாயம் என்று பேச்சு களைகட்டும். பாரம்பரிய நெல்லை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள், மாப்பிள்ளைச் சம்பாவையோ கருப்புக் கவுனியையோ கொள்முதல் நிலையத்தில் போட்டால் சாதாரண நெல் விலைதான், அந்த அரிசிக்குத் தனி வாடிக்கையாளரை நீங்களே பிடிக்க வேண்டும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் வெளியிட்ட ரகங்களுக்கு விதை, பரிந்துரை, விற்பனை எல்லாம் ஒரே சங்கிலியாக இருக்கிறது. அதை விட்டு வெளியே போனால் வியாபாரம் தெரிந்திருக்க வேண்டும். கூடவே, வேளாண் விரிவாக்க மையத்துக்கு மானிய விதை வாங்கவோ பூச்சி வந்தால் உதவி வேளாண் அலுவலரைக் கூப்பிடவோ யார் போவார்கள்? சம்பள ஆள் போவார், போனேன் என்பார். கூலி ஆள் கிடைக்காததற்கு 100 நாள் வேலையைத் திட்டுகிற பழக்கம் இங்கிருந்து போகிறவர்களிடமும் தொற்றியிருக்கிறது. ஒழுங்கான கூலியும் நிழலும் கொடுத்தால் ஆள் வருகிறார்கள் என்பதுதான் ஊரில் பயிர் செய்கிற என் பெரியப்பா மகன் சொல்வது. ஓய்வுபெற்று வருடத்தில் பாதி நாள் ஊரில் இருக்கப் போகிறவர் இந்த வழியை எடுக்கலாம். மற்றவர்கள் வேண்டாம்.

விவசாயிகளே பங்கு போட்டு நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். 2020-ல் மத்திய அரசு 10,000 நிறுவனம் உருவாக்கப் போவதாக அறிவித்தது, நபார்டு (தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி) போன்றவை வழியாக மூன்று வருடத்துக்கு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை இணை மானியம். உறுப்பினர் ஆவதற்கு உற்பத்தியாளராக இருக்க வேண்டும், எனவே சிங்கப்பூரில் உட்கார்ந்து முதலீடு செய்கிற இடம் இல்லை அது. உங்கள் குத்தகைதாரர் சேரட்டும். உரத்தை மொத்தமாக வாங்கவும் மிஷினை வாடகைக்கு எடுக்கவும் அவருக்கு உதவும்.

மரம். புஞ்சை நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் யாராவது தேக்கு, செம்மரம், சந்தனம் என்று கோடிக்கணக்கில் கணக்கு எழுதிக் காட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கில் விற்பனை என்ற வரி இருக்காது. தேக்கு இருபது வருடத்துக்கு மேல் நிற்க வேண்டும். சந்தன மரம் பட்டா நிலத்தில் வளர்த்தாலும் வனத்துறை வழியாகத்தான் விற்க வேண்டும், அதுவரை திருடர்களிடமிருந்து காப்பது உங்கள் பொறுப்பு. சவுக்கும் தைல மரமும் (யூகலிப்டஸ்) வேறு. இவற்றை வாங்கக் காகித ஆலை இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூரில் இருக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் மாநில அரசு நிறுவனம், விவசாயிகளோடு சேர்ந்து மரம் வளர்க்கிற திட்டம் நடத்துகிறது. வேளாண் துறையின் பசுமைப் போர்வைத் திட்டத்தில் மரக்கன்று இலவசமாகவே கிடைக்கிறது. சவுக்கு மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வரும், தினசரி ஆள் வேண்டாம். தூரத்தில் இருப்பவருக்கு இது பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். தைல மரம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, புதுக்கோட்டைப் பக்கம் அதைச் சுற்றித் தண்ணீர்ச் சண்டை பல வருடமாக நடக்கிறது, பக்கத்து வயல்காரரின் கிணறு வற்றினால் பழி நம் மேல்தான். தென்னை வைத்தால் என்ன என்பவர்கள் 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணித் தோப்புகள் கிடந்த கிடையை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே சிங்கப்பூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது, ஊரைப் பற்றிப் பேசும்போது நாம் அதை மறந்துவிடுகிறோம். 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019-ல் இலக்கு வைத்தார்கள். அரசே நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது, 2021-ல் 60 மில்லியன் வெள்ளியில் பண்ணைகளுக்கு ஒரு நிதியும் வந்தது, சிங்கப்பூர் உணவு அமைப்பு கூடவே நின்றது. பணம், நிலம், ஆராய்ச்சி எல்லாம் இருந்தும் மலேசியாவிலிருந்து வருகிற கீரையின் விலைக்கு எதிராக உள்ளூர்க் கீரை நிற்க முடியவில்லை, பல பண்ணைகள் மூடின. முட்டைப் பண்ணைகள் தாக்குப்பிடித்தன. 2025 நவம்பரில் அந்த இலக்கையே கைவிட்டு, 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 சதவீதம், புரதத்தில் 30 சதவீதம் என்று மாற்றிக்கொண்டார்கள். விளைவிக்க மானியம் கொடுப்பது சுலபம், வாங்க ஆள் ஏற்பாடு செய்வதுதான் கஷ்டம். ஊரில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் என்றதும் காய்கறி போட்டுவிடலாம் என்று துள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழாய் இலவசம், சரி. விளைந்த கத்தரிக்காய் எங்கே போகும்? விவசாயியே நேரடியாக விற்கிற, 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நல்ல ஏற்பாடுதான், ஆனால் விடியற்காலையில் கூடையோடு அங்கே போய் உட்கார்கிற ஆள் வேண்டும்.

கடைசியாக, கை மாற்றுவது. இதில் இரண்டு வகை. வெளியாளுக்கு விற்றால், நகராட்சி எல்லையிலிருந்து அந்த நகராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வாரிசு நிலம் விற்ற பணத்தை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) போட்டு, ஆடிட்டர் சான்றிதழோடு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை இங்கே கொண்டுவரலாம், நம் நிலத்துக்கு அந்த வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டாவது வகை, ஊரிலேயே இருந்து பயிர் செய்கிற உடன்பிறப்புக்கு எழுதிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், தானமாக எழுதிக் கொடுக்கும் தானசெட்டில்மென்ட் போன்றவற்றுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000.

வானம் பார்த்த புஞ்சைக்கு இந்த இரண்டாவது வகைதான் என் விடை. அங்கே வாய்க்கால் இல்லை, நெல் இல்லாததால் கொள்முதல் நிலையத்தால் பயனில்லை. இருக்கிற கண்மாயின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, தூர்வாரும் முறை எப்போது வருமோ தெரியாது. அங்கே அரசாங்கம் வருகிற ஒரே வழி மானியம்: சொட்டுநீர், மின் இணைப்பு, மரக்கன்று. இவையெல்லாம் பட்டாவையும் ஆளையும் ஒருசேரக் கேட்கின்றன. 2025-லிருந்து விவசாயிகளுக்கு ஆதாரையும் பட்டாவையும் இணைத்துத் தனி அடையாள எண் வேறு கொடுக்கிறார்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது இனி இன்னும் முக்கியமாகும். ஆகவே பட்டாவை நாம் பிடித்து வைத்திருக்கிற வரைக்கும் அந்த மண்ணுக்கு எதுவும் வராது. ஆலங்குடி நிலத்தை என் தங்கை குடும்பத்துக்கே எழுதிக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம், அவர்கள் அங்கேயே மல்லிகையும் கடலையும் போடுகிறார்கள். விற்றால் எனக்கும் தங்கைக்கும் கொஞ்சம் கூடுதல் பணம் வந்திருக்கும், என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி மாற்றுங்கள், வில்லங்கச் சான்றிதழை ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள். போக முடியாதவர்கள் பவர், அதாவது தங்களுக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பலாம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே நோட்டரி கையெழுத்துக்கு மேல் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று) வாங்கலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விற்கும் அதிகாரத்தை மட்டும் அந்தப் பவரில் சேர்க்காதீர்கள், பட்டா மாற்றவும் குத்தகை ஒப்பந்தம் போடவும் அது தேவையே இல்லை.